கை மறைத்தாலும் கண் காட்டிக்கொடுக்கும்: மேஜிக் கேள்வி – பதில்

மேஜிக் கற்றுக்கொள்பவர்களும், கோயில் விழா, பள்ளி ஆண்டு விழா, பிறந்தநாள் என்று சின்ன மேடைகளில் ஷோ செய்பவர்களும் வடசென்னையிலிருந்து எழுதிய கேள்விகளுக்கு இந்த முறை பதில்.

ராயபுரம், கல்லூரி மாணவர்: ஒரு கையில் இருக்கும் காசை இன்னொரு கையால் வாங்குகிற மாதிரி பாவனை செய்து மறைக்கும் 'ஃபிரெஞ்ச் டிராப்' ஐட்டத்தை வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தால் எனக்கே காசு மறைந்த மாதிரிதான் இருக்கிறது. நண்பர்களிடம் செய்தால் உடனே "அந்தக் கையைக் காட்டு" என்கிறார்கள். எங்கே தப்பு?

விரலில் தப்பு இருக்க வாய்ப்பு குறைவு. காசு இருக்கும் கையை நீங்களே ஏதோ ஒரு வகையில் காட்டிக்கொடுக்கிறீர்கள்.

கொஞ்ச நாளைக்குப் பொய்யை ஒதுக்கிவைத்துவிட்டு, நிஜமாக வாங்கிப் பழகுங்கள். 10 ரூபாய்க் காசு ஒன்று போதும். 27 மி.மீ. விட்டம் இருப்பதால் பார்ப்பவருக்கும் தெரியும், உள்ளங்கையிலும் அடங்கும். இடது கையின் கட்டைவிரல் நுனிக்கும் நடுவிரல் நுனிக்கும் நடுவில் அதைப் பிடித்து, வலது கையால் உண்மையாகவே வாங்குங்கள். இருபது, முப்பது முறை வாங்கிப் பாருங்கள். வாங்கிய கை எவ்வளவு இறுக மூடுகிறது? கொடுத்த கை அப்புறம் எங்கே போகிறது? தலை எந்தப் பக்கம் திரும்புகிறது? கொடுத்து முடித்த கைக்கு வேலை இல்லை, அதனால் அது தளர்ந்து, விரல்கள் லேசாக மடங்கி, தொடையோரம் இறங்கிவிடும். கண் காசோடு போகும். நீங்கள் காப்பியடிக்க வேண்டியது இந்த அசைவைத்தான், வீடியோக்காரரின் அசைவை அல்ல.

இனி பொய்க்கு வாருங்கள். வலது கட்டைவிரல் காசுக்குக் கீழே உள்ள இடைவெளியில் நுழைகிறது. மற்ற நான்கு விரல்களும் முன்பக்கம் திரைபோல் இறங்குகின்றன. காசு கண்ணுக்கு மறைந்த அந்த நொடியில் இடது கட்டைவிரல் பிடியைத் தளர்த்த, காசு இடது விரல்களின் அடிப்பக்கம் விழுகிறது. வலது கை உள்ளே காசு ஒன்று இருப்பதற்கான இடம் விட்டு மூடி, விலகிப் போகிறது. உள்ளே ஒன்றுமில்லை என்று உங்களுக்குத் தெரியும் என்பதால் கை தானாகவே தட்டையாக இறுகும். அதைக் கவனித்துத் திருத்துங்கள். இடது கை இதற்கு நேர்மாறாக விறைத்து நிற்கும், கட்டைவிரல் உள்ளங்கையோடு ஒட்டிக்கொள்ளும். நண்பர்கள் "அந்தக் கை" என்று கேட்பது இந்த விறைப்பைப் பார்த்துத்தான்.

அடுத்தது கண்ணாடி. திருட்டு அசைவு நடக்கும் நொடியில் பயில்பவர் தன்னையறியாமல் கண்ணைச் சிமிட்டுவார். கண்ணாடி முன் நின்றால் அந்த நொடியை மட்டும் நீங்கள் பார்ப்பதில்லை. அதனால்தான் உங்களுக்கே காசு மறைந்த மாதிரி தெரிகிறது. போதாக்குறைக்கு, கண்ணாடியைப் பார்த்துப் பழகியவர் மேடையிலும் கையைப் பார்க்காமல் எதிரே வெறித்துக்கொண்டு நிற்பார். கை அசைவுக்கு ஓர் உருவம் வரும் வரை கண்ணாடி உதவும். அதன் பிறகு செல்போன் கேமராதான். நேரே கண் உயரத்தில் ஒரு முறை, இடதும் வலதும் 45 டிகிரி சாய்த்து ஒவ்வொரு முறை, தரையில் உட்காரும் குழந்தையின் கண் உயரத்துக்கு, அதாவது சுமார் இரண்டு அடியில் வைத்து ஒரு முறை படம் எடுங்கள். நம் பக்கத்து விழாக்களில் பிள்ளைகள் தார்ப்பாயில்தான் உட்காருவார்கள். காசு பெரும்பாலும் அந்தக் கீழ்க்கோணத்தில்தான் மாட்டும்.

தேர்ச்சி வந்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஆறு முறை வாங்குங்கள். அதில் ஐந்து நிஜம், ஒன்று பொய். அதைப் படம் எடுத்து, ரகசியம் தெரியாத ஒருவரிடம் சத்தத்தை அணைத்துவிட்டுப் போட்டுக் காட்டி, எது வேறு மாதிரி இருக்கிறது என்று கேளுங்கள். எப்படிச் செய்தீர்கள் என்று அவர் சொல்ல வேண்டியதில்லை. பொய்யானதைச் சரியாகத் தொட்டுக் காட்டிவிட்டாலே வேலை பாக்கி என்று அர்த்தம்.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இன்னொன்று: காசை எதற்காகக் கை மாற்றுகிறீர்கள்? காரணமில்லாமல் யாரும் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குக் காசை மாற்றுவதில்லை. காரணம் இல்லாத அசைவை மனிதக் கண் சந்தேகப்படும். காரணத்தை நீங்களே உண்டாக்குங்கள். பேனாவை முன்கூட்டியே பேண்டின் இடது பையில் வைத்திருங்கள். அதை எடுக்க இடது கை காலியாக வேண்டும், ஆகவே காசை வலது கைக்கு 'மாற்றுகிறீர்கள்'. இடது கை பைக்குள் போய்க் காசை அங்கேயே விட்டுவிட்டுப் பேனாவோடு வருகிறது. பேனாவால் வலது முஷ்டியை ஒரு தட்டு தட்டித் திறந்தால் காசு இல்லை. இடது கையைக் காட்டச் சொன்னால், தாராளமாகக் காட்டலாம். மாற்றியதும் முஷ்டியைத் திறந்துவிடாதீர்கள். ஒரு கேள்வி கேட்டு, பதில் வரும் வரை விடுங்கள். காசு அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது என்று பார்ப்பவர் மனதில் பதிவதற்கு அந்த இரண்டு மூன்று நொடி தேவை.

பழைய வண்ணாரப்பேட்டை: புது ஐட்டம் ஒன்றை மேடைக்குக் கொண்டுவர எத்தனை நாள் ஆகும்? தினமும் எவ்வளவு நேரம் பயில வேண்டும்?

நாள் கணக்கு ஐட்டத்துக்கு ஐட்டம் மாறும். வரிசை மாறாது. முதலில் கை, அப்புறம் வாய், அப்புறம் இரண்டும் சேர்ந்து, கடைசியில் உடை, மேஜை, இசை எல்லாமும்.

கைப் பயிற்சிக்கு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்காருவதைவிட, தினமும் காலையில் 15 நிமிடம், ராத்திரி 15 நிமிடம் மேல். விரல் களைத்த பிறகு செய்வதெல்லாம் தவறான அசைவைப் பழக்கும். மெதுவாகவே செய்யுங்கள். கண்ணைவிடக் கை வேகம் என்று ஊரில் சொல்வார்கள், அது சரியல்ல. கண் எப்போதும் வேகம்தான். மனம் வேறிடத்தில் இருக்கும்போதுதான் கண் கோட்டைவிடும். வேகமாக ஒரு கை அசைந்தால் எல்லோரும் அங்கேதான் பார்ப்பார்கள்.

காசை உள்ளங்கையில் மறைத்துப் பிடிக்கும் 'பாம்' போன்றவற்றுக்குத் தனி நேரம்கூட வேண்டாம். பிராட்வே பஸ்ஸிலோ விம்கோ நகர் மெட்ரோவிலோ கம்பியைப் பிடித்து நிற்கும் கையில் காசு இருக்கட்டும். அதே கையால் டீ குடியுங்கள், பர்ஸை எடுங்கள். காசு இருப்பதையே நீங்கள் மறக்கும்போது கை இயல்பாகிவிடும். 19-ஆம் நூற்றாண்டில் கடிகாரத் தொழிலிலிருந்து மேஜிக்குக்கு வந்த பிரெஞ்சுக்காரர் ராபர்-ஊதேன், கோட்டுப் பைக்குள் கையை விட்டபடியே பயின்றதாகத் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

கை படிந்ததும் ஐட்டத்தைத் தாளில் எழுதுங்கள். பேச்சு ஒரு பத்தி, வலது கை ஒரு பத்தி, இடது கை ஒரு பத்தி, கண் ஒரு பத்தி என நான்கு கட்டம். எழுதும்போதுதான் ஓட்டைகள் தெரியும். 'இடது கை: கத்தரிக்கோல் எடுக்கிறது' என்று எழுதிவிட்டு மேலே பார்த்தால், அந்தக் கையில் ஏற்கெனவே கயிற்று முனை இருக்கும்.

பேச்சைச் சேர்த்தவுடன் கை மறுபடி தடுமாறும். நன்றாக வந்தது கெட்டுப்போய்விட்டதே என்று பயந்து பலர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். கவனம் இரண்டாகப் பிரிவதால் வருவது இது, கொஞ்ச நாளில் போய்விடும். திருட்டு அசைவு நடக்கும் இடத்தில் நீளமான வசனம் வைக்காதீர்கள். பார்வையாளர் பதில் சொல்ல வேண்டிய சின்னக் கேள்வி ஒன்றை வையுங்கள். "உங்க பேர் என்ன சொன்னீங்க?" என்று கேட்டால், கேட்கப்பட்டவர் உங்கள் முகத்தைப் பார்ப்பார், மற்றவர்கள் அவரைப் பார்ப்பார்கள். கை சும்மா விடப்படும்.

ஒத்திகை வேறு, பயிற்சி வேறு. பயிற்சியில் தப்பு வந்தால் நிறுத்தித் திருத்தலாம். ஒத்திகையில் என்ன நடந்தாலும் நிறுத்தக் கூடாது. சீட்டு கீழே விழுந்தாலும் எடுத்துத் தொடர்ந்து முடிக்க வேண்டும். ஷோவுக்குப் போடும் அதே சட்டை, அதே பேண்ட், அதே செருப்போடு செய்யுங்கள். வீட்டில் லுங்கியோடு பிரமாதமாக வந்தது, பேண்ட் பையில் செல்போன் இருந்ததால் மேடையில் கை நுழையாமல் நின்றுவிடும். முடித்ததும் எல்லாவற்றையும் பழையபடி அடுக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்றும் கணக்கெடுங்கள்.

மேடை ஏற்றும்போது புதியதை ஆரம்பத்திலும் வைக்காதீர்கள், முடிவிலும் வைக்காதீர்கள். ஆறு ஐட்டம் என்றால் மூன்றாவதாக வையுங்கள். முன்னும் பின்னும் கை வந்த ஐட்டங்கள் தாங்கிக்கொள்ளும்.

காசிமேடு: சீட்டுக்கட்டு வாங்கிச் சில நாளிலேயே உப்பிப்போகிறது. கையும் வியர்க்கிறது. பிளாஸ்டிக் சீட்டுக்கு மாறலாமா?

காகிதச் சீட்டு கடற்காற்றின் ஈரத்தை இழுத்து வளையும். விசிறி விரித்தால் நாலைந்தாகக் கொத்துக் கொத்தாக வரும். பிளாஸ்டிக் உப்பாது, துடைத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு சீட்டை ஒன்றாக எடுத்துக் காட்டும் 'டபுள் லிஃப்ட்' போன்றவற்றில் வழுக்கி விலகிக் காட்டிக்கொடுக்கும். சீட்டு மேஜிக்கைத் தீவிரமாகக் கற்பதென்றால் காகிதமே நல்லது.

இறுக மூடும் டிபன் டப்பாவில் இரண்டு சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பயிற்சிக்கு ஒரு கட்டு, ஷோவுக்கு ஒரு கட்டு எனப் பிரித்துக்கொள்ளுங்கள். ஷோ கட்டை அன்றைக்கே பிரிக்காதீர்கள். புதுக்கட்டு வழுக்கும், உங்கள் விரல் பழையதற்குப் பழகியிருக்கும். சில நாள் முன்பே பிரித்துக் கலைத்துப் படியவிடுங்கள். கையைச் சோப்பால் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டுச் சீட்டைத் தொடுங்கள். முகப் பவுடர் வேண்டாம், வியர்வையில் குழைந்து பிசுக்காகும். சீட்டுக்கென்று விற்கும் விசிறிப் பவுடர் ஜிங்க் ஸ்டியரேட். அதைத் தடவும்போது மூச்சில் இழுக்காமலும், குழந்தைகள் கைக்கு எட்டாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வியாசர்பாடி: ஆடி மாசம் எங்கள் தெரு அம்மன் கோயில் திருவிழாவில் ஷோ. திறந்த மேடை, மூன்று பக்கமும் கூட்டம், மேளச் சத்தம். எதைச் செய்யலாம்?

எதைச் செய்யக் கூடாது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாத நூலில் பொருளை மிதக்கவிடுவது, லேசான பட்டுக் கைக்குட்டை, பறக்கும் காகிதம் எதுவும் வேண்டாம். ஆடிக்காற்றில் அம்மியே நகரும். பின்பக்கம் சுவரோ திரையோ தேவைப்படும் பெட்டி ஐட்டங்களும் வேண்டாம். நாற்காலிக்காரர்களைப் பற்றி மட்டும் யோசிக்காதீர்கள். குடியிருப்பு மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பவர்களுக்குக் கையின் பின்பக்கமும் மேஜைக்கு மேலே உள்ளதும் தெரியும். முந்தின நாளே அந்த மாடிக்கு ஏறி, மேடை எப்படித் தெரிகிறது என்று பார்த்துவிடுங்கள்.

சுற்றிலும் ஆள் இருந்தாலும் தாங்கும் ஐட்டங்கள் இருக்கின்றன. வெட்டி ஒட்டும் கயிறு, ஒன்றுக்குள் ஒன்று கோர்க்கும் இரும்பு வளையம், முட்டையை மறைத்து வரவழைக்கும் முட்டைப் பை ஆகியவை கோணத்துக்கு ஓரளவு பயப்படாதவை. செப்பிடு வித்தையோ சுற்றிலும் ஆள் உட்கார்ந்து பார்க்க, தரையிலேயே வளர்ந்தது. மூன்று கிண்ணம், சில உருண்டை, சுற்றிலும் கண்கள். மேடைக்கு வரும் எந்த மேஜிக்காரரும் தெருவித்தைக்காரரின் நேரக் கணக்கை உட்கார்ந்து படிக்க வேண்டும். முதல் கிண்ணத்தைத் தூக்கியதும் உருண்டை தெரிகிறது, எல்லோரும் ஆவென்று பார்க்கிறார்கள். தூக்கிய கிண்ணத்துக்குள் எலுமிச்சம்பழம் ஏறுவது அந்த நொடியில்தான். அதிசயம் நடந்து முடிந்ததும் கூட்டத்தின் கவனம் தளர்கிறது. அடுத்த அதிசயத்துக்கான வேலை அந்தத் தளர்வில் நடக்கிறது. பொருளை ரகசியமாக உள்ளே ஏற்றும் இந்த 'லோடு'வைத் தனியாகப் பயிலாதீர்கள். உருண்டை தெரிந்ததும் நீங்களும் அதை நிஜமான ஆர்வத்தோடு பார்ப்பதையும் சேர்த்தே பயிலுங்கள். உங்கள் கண் கிண்ணத்துப் பக்கம் ஓடினால் கூட்டத்தின் கண்ணும் ஓடும். ஒன்று மட்டும், செப்பிடு வித்தை சின்னப் பொருள். முதல் நாலைந்து வரிசைக்குத்தான் எடுபடும். கூட்டம் பெரிது என்றால் கயிறும் வளையமும் எடுங்கள்.

மேளம் அடிக்கும்போது பேச்சை நம்பாதீர்கள். பேச்சில்லாமல் இசைக்குச் செய்யும் மாதிரி ஒன்றை அமைத்து, அதே இசையோடு ஒத்திகை பாருங்கள். மேடைக்கு அழைக்கும் பிள்ளையை உங்களுக்குப் பக்கவாட்டில், ஒரு கை நீளம் தள்ளி, கூட்டத்தைப் பார்த்து நிறுத்துங்கள். பின்னால் நின்றால் எல்லாம் தெரியும், சத்தமாகவும் சொல்லிவிடும்.

கொளத்தூர்: பள்ளி ஆண்டு விழாவில் 20 நிமிடம் என்றார்கள். மேடை ஏறும்போது 12 நிமிடத்தில் முடிக்கச் சொல்லிவிட்டார்கள். ஷோ குழம்பிப்போனது.

இது அடிக்கடி நடப்பதுதான், அதனால் ஒத்திகையிலேயே இதற்கு இடம் கொடுங்கள். ஒவ்வொரு ஐட்டமும் தனக்கென ஒரு முடிவோடு, கைத்தட்டலோடு நிற்க வேண்டும். 20 நிமிட வடிவம், 12 நிமிட வடிவம் இரண்டையும் முழுதாக ஓட்டிப் பாருங்கள். விட்டுவிடக்கூடிய ஐட்டங்களின் சாமான்களைத் தனிப் பையில் வைத்தால், மேடையில் தேட வேண்டியிராது. முடிக்க நேரம் இல்லாததைத் தொடங்கவே தொடங்காதீர்கள்.

1956 ஏப்ரலில் பி.பி.சி.யின் 'பனோரமா' நிகழ்ச்சியில் இந்திய மேஜிக்காரர் பி.சி. சர்க்கார் ஒரு பெண்ணை மின்வாளால் அறுக்கும் காட்சியைச் செய்தார். பெண் அசைவில்லாமல் கிடக்கும்போதே நேரம் முடிந்து நிகழ்ச்சி நின்றது. அந்தப் பெண் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டு பி.பி.சி.க்குத் தொலைபேசி அழைப்புகள் குவிந்தன. சர்க்காருக்கு அது பெரும் விளம்பரமானது. ஆண்டு விழாவில் அப்படி நின்றால் முன்வரிசைக் குழந்தைகள் அழுதுகொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

தண்டையார்பேட்டை, ஓர் அம்மா: என் பையனுக்கு 10 வயது. 50 ஐட்டம் உள்ள மேஜிக் பெட்டி கேட்கிறான். வாங்கித் தரலாமா?

50 ஐட்டம் வேண்டாம். ஒரே வாரத்தில் எல்லாவற்றின் ரகசியத்தையும் பார்த்துவிட்டு ஓரமாகப் போட்டுவிடுவான். ஒரு காசு, இரண்டு ரப்பர் பேண்ட், ஒரு முழக் கயிறு போதும். மூன்றே ஐட்டம் கற்றுக்கொள்ளட்டும். வீட்டில் தினமும் ஒருவருக்குச் செய்து காட்டட்டும், ஒருவருக்கு ஒரு தடவைதான், "இன்னொரு தடவை" கிடையாது. நெருப்பு, பிளேடு, ஊசி, வாயில் போடும் காசு எதுவும் இந்த வயதில் வேண்டாம்.

பெரம்பூர்: கடையில் வாங்கிய ஐட்டத்தை ஒழுங்காகத்தான் செய்கிறேன். கைத்தட்டலே வருவதில்லை. எப்படி மெருகேற்றுவது?

வீடியோ எடுக்கும்போது உங்களைப் பார்த்து மட்டும் கேமரா வைக்கிறீர்கள் என்றால், அடுத்த ஷோவில் கூட்டத்தைப் பார்த்து ஒன்று வையுங்கள். எந்த இடத்தில் செல்போனைக் குனிந்து பார்க்கிறார்கள், எங்கே பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிறார்கள் என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் அது சாமான்களை விளக்கும் இடமாக இருக்கும். "இது சாதாரணக் கயிறு, இது சாதாரணக் கத்தரிக்கோல்" என்று சொல்லச் சொல்லச் சந்தேகம்தான் வளரும். கயிற்றை ஒரு பிள்ளையின் கையில் கொடுத்து இழுக்கச் சொன்னால் போதும்.

கைத்தட்டல் வராததற்கு இன்னொரு காரணம், முடிந்துவிட்டது என்று கூட்டத்துக்குத் தெரிவதில்லை. அதிசயம் நடந்ததும் அசையாமல் நின்று, நிமிர்ந்து அவர்களைப் பாருங்கள். அடுத்த சாமானை எடுக்கக் குனிந்துவிட்டால் தட்ட வந்த கை நின்றுவிடும்.

ஷோ முடிந்ததும் வீட்டுக்குப் போகும் முன்பே குறித்துவையுங்கள், எங்கே சிரித்தார்கள், எங்கே சத்தம் அடங்கியது, எது சொதப்பியது என்று. அடுத்த ஷோவுக்கு ஒன்றே ஒன்றை மாற்றுங்கள். நாலை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. வேறொருவரின் வசனத்தையும் சிரிப்பையும் அப்படியே எடுத்துப் போடுவது மட்டும் வேண்டாம். அது அவர் உழைப்பு என்பது ஒரு பக்கம், உங்கள் வாயில் பொருந்தாது என்பது இன்னொரு பக்கம். ராயபுரத்துக்காரர் ராயபுரத்துத் தமிழில் பேசினாலே பாதி ஐட்டம் புதிதாகிவிடும்.

எர்ணாவூர்: நடுவில் சொதப்பிவிட்டால் என்ன செய்வது?

அடுத்து என்ன நடக்கப்போகிறது என்பதை முன்கூட்டிச் சொல்லாதீர்கள். முடிவு என்னவென்று தெரியாதவருக்கு அது தவறியதும் தெரியாது. ஒத்திகையில் வேண்டுமென்றே காசைக் கீழே போட்டு, எடுத்துத் தொடரப் பழகுங்கள். பார்வையாளர் நினைத்த சீட்டு வராமல் போனால் வேறு எந்த வழியில் முடிக்கலாம் என்று இரண்டு மாற்று வழியையாவது எழுதி, அவற்றையும் பயிலுங்கள். மன்னிப்புக் கேட்டு முதலிலிருந்து தொடங்குவதுதான் மிக மோசம், ரகசியத்தை இரண்டு முறை காட்டுகிறீர்கள்.

திருவொற்றியூர்: வெட்டி ஒட்டும் கயிற்று ஐட்டத்துக்கு எந்தக் கயிறு? துறைமுகப் பக்கம் கிடைக்கும் நைலான் கயிறு ஆகுமா?

ஆகாது. நைலான் விறைக்கும், விளக்கில் மின்னும், வெட்டியதும் முனை பிரிந்துகொண்டே போகும். 8 முதல் 10 மி.மீ. தடிமனில் வெள்ளைப் பருத்திப் பின்னல் கயிறு கேட்டு வாங்குங்கள். உள்ளே திரி இருந்தால் ஒரு முனையில் பிடித்து உருவிவிடுங்கள். கயிறு துணிபோல் மென்மையாகி, மடித்தால் மடித்த இடத்தில் நிற்கும், கத்தரிக்கும் எளிதில் வெட்டும். முனைகளில் வெள்ளை நூல் சுற்றித் துளி ஃபெவிகால் வைத்துக் காயவிடுங்கள்.

இந்த ஐட்டத்தில் நடுவில் வெட்டுவதாகக் காட்டினாலும் உண்மையில் வெட்டுப்படுவது முனைக்குப் பக்கத்தில் உள்ள சின்னத் துண்டுதான். ஒரு தடவைக்குச் சுமார் 15 செ.மீ. போகும். இரண்டரை மீட்டரில் தொடங்கி ஒன்றரை மீட்டருக்கு வந்ததும் அந்தக் கயிற்றை மாற்றிவிடுங்கள். ஆறு ஷோ தாங்கும். பயிற்சியில் வெட்டுவதுபோல் பாவனை செய்தால் போதும், கயிறு மிச்சம். ஆனால் கடைசி சில ஒத்திகையில் நிஜமாகவே வெட்டுங்கள். மழுங்கிய கத்தரி பருத்தியைக் கடித்து மென்றுகொண்டே நிற்கும், மறைத்துப் பிடித்த கை அதற்குள் களைத்துவிடும். 8 அங்குலத் தையல் கத்தரியைச் சாணை பிடித்துக் கயிற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், காகிதம் வெட்ட வீட்டில் யாருக்கும் கொடுக்காதீர்கள்.